சுபேதார் சுப்பிரமணியன் அவர்களுக்கு

மதிப்பிற்குரிய சுபேதார் ஐயா,

வணக்கம். நீங்கள் இறந்தது 1944 பிப்ரவரி 24. அதற்கு இரண்டு நாள் முன்புதான் புனேயில், ஆகா கான் மாளிகைக் காவலிலேயே கஸ்தூர்பா கண்ணை மூடியிருந்தார். நாடே அந்தத் துக்கத்தில் இருந்த வாரம். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் இரண்டாம் உலகப் போரில், இத்தாலியில், மின்யானோ என்ற ஊரருகே உயிரைக் கொடுத்தது இங்கே எத்தனை பேர் காதுக்கு வந்திருக்கும்?

அங்கே மாண்டே காசினோ மலை உச்சியில் இருந்த மடாலயத்தை நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுத் தகர்த்து அப்போது பத்து நாள்கூட ஆகவில்லை. ஜெர்மானியரிடமிருந்து மலையைப் பிடிக்க முடியாமல் நேச நாட்டுப் படைகள் திணறிக்கொண்டிருந்தன. கண்ணிவெடி புதைத்த மண்ணில் மற்றவர்கள் கால் வைக்க வேண்டுமென்றால், முதலில் இறங்க வேண்டியவர்கள் உங்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை ஆட்கள்தான்.

உங்கள் உயிரைப் பறித்த அந்த ஜெர்மன் கண்ணிவெடியைப் பற்றிப் படித்ததிலிருந்து உங்கள் நினைப்பாகவே இருக்கிறது. மிதித்த உடனே அது வெடித்துவிடாது. நாலு விநாடி போல ஆகும். அப்புறம் மண்ணுக்குள்ளிருந்து இடுப்பு உயரத்துக்கு எம்பி, அந்தரத்தில் வெடித்து, 300க்கும் மேற்பட்ட இரும்புக் குண்டுகளை நாலா பக்கமும் வீசும். அன்று மிதித்துவிட்டவர் உங்கள் ஆட்களில் ஒருவரான லான்ஸ் நாயக். அது எந்தக் கண்ணி, அடுத்து என்ன செய்யும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. விலகித் தரையோடு படுத்தால் பிழைக்க வழி உண்டு என்பதும் தெரிந்திருக்கும். நீங்கள் கண்ணியின் மேலேயே விழுந்தீர்கள்.

அந்த ஜூன் மாதமே உங்களுக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் அரசின் உயரிய வீர விருதை அறிவித்தார்கள்.

"வெள்ளைக்காரன் பட்டாளத்தில் செத்தவர்தானே" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. சுதந்திரம் கேட்டுச் சிறையில் கிடந்தவர்களைக் கொண்டாடுகிற அதே மனசால் உங்களையும் கொண்டாட எனக்கு முடிகிறது. அந்தப் போரில் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் 25 லட்சம் பேர். இறந்தவர்கள் 87,000க்கு மேல். சம்பளத்துக்கோ சாப்பாட்டுக்கோ பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் அவர்களில் ஏராளம். எதற்காகச் சேர்ந்திருந்தாலும் சரி, அந்த நாலு விநாடிக்குள் எந்த ராஜாவுக்கு என்ன வேலை? பக்கத்தில் நின்ற நம் ஊர்ப் பையன்களுக்காகத்தானே விழுந்தீர்கள்!

இத்தாலியின் சாங்ரோ ஆற்றுப் போர்க் கல்லறையில், எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்கான நினைவுச் சின்னத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. உங்களோடு இன்னும் ஐந்நூறு பேருக்கு மேல். அங்கே புல்லை வெட்டி, கல்லைத் துடைத்து, ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்கள். அதைவிடக் குறைவாக நாம் செய்வது எனக்குப் பொறுக்கவில்லை.

காஞ்சிபுரம் மாவட்டப் பள்ளிகளில் ஒவ்வொரு பிப்ரவரி 24 அன்றும் காலைக் கூட்டத்தில் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று கல்வி அலுவலருக்கு மனு எழுதியிருக்கிறேன். அந்தக் கண்ணி எப்படி எம்பி வெடிக்கும் என்பதையும் அதில் ஒரு பத்தி விளக்கியிருக்கிறேன். அது தெரிந்தால்தான் நீங்கள் செய்தது என்னவென்று பிள்ளைகளுக்குப் புரியும்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்துக்காரன்