பீவாரில் உட்கார்ந்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போராட்டம் என்றாலே மறியல், தடியடி, மறுநாள் தலைப்புச் செய்தி என்று பழகிவிட்டோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அப்படி வரவில்லை.

ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை. கேட்டால், அளவுப்படி வேலை முடியவில்லை என்றார்கள். சரி, அளந்த கணக்கைக் காட்டுங்கள் என்றதற்கு, அது அரசு ரகசியமாம்! 1990-இல் அங்கே தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழவர்-தொழிலாளர் அமைப்பு, 1994 முதல் கிராமங்களில் மக்களைக் கூட்டி வைத்து வருகைப் பதிவேட்டை உரக்க வாசித்தது. செத்தவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்கு பில் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இந்தக் கணக்குகளைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996-இல் ராஜஸ்தானின் பீவார் நகரில் 40 நாள் தர்ணா. கிராமத்துக்காரர்கள் தானியம் கொண்டுவந்தார்கள், கடைக்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள். அப்புறமும் நாடு முழுமைக்குமான சட்டம் வர 2005 ஆகிவிட்டது. (1997-இலேயே தமிழகம் முந்திக்கொண்டது உண்மைதான், ஆனால் அந்தச் சட்டத்தில் விதிவிலக்குகளே அதிகம்.)

இப்போது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரங்களை எப்போது தர மறுக்கலாம் என்று சொல்லும் தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைச் சுருக்கிவிட்டது. பொதுநலன் இருந்தால் தனிநபர் விவரத்தைத் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகம் போய்விட்டது. வருகைப் பதிவேட்டில் இருப்பதே பெயர்கள்தானே? அதை மறைத்தால் எதை வாசிப்பது? உங்கள் நாளிதழ் இதை விரிவாக எழுத வேண்டும்.

ஒரு வாசகர்,
திண்டுக்கல்