ஈஸ்ட்ஹாம் வீட்டு உறுதி

அன்பின் குகன்,

உன் கடிதம் வந்து ஏழு மாதம். முழங்கால் சத்திரசிகிச்சை, மகளின் பிரசவம் என்று காரணம் அடுக்கலாம். உண்மை அதுவல்ல. கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாமில் இருக்கிற எங்கள் வீட்டை விற்கப் போகிறோம் என்று உனக்கு எழுத மனம் வரவில்லை, அதுதான்.

ஓம், விற்கிறோம். மகள் கிழக்கே கிரேஸ் என்ற ஊரில் வீடு வாங்கிவிட்டாள். பேத்தியோடு இருக்க வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நிற்கிறாள். பேத்திக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. பூனைக்கண் ரவிக்கு நீரிழிவு கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஆனால் இன்னும் ஒளித்து ஒளித்துத் தொதல் சாப்பிடுகிறான். ஊர்ப்புதினம் இவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் சட்டத்தரணியின் கந்தோரிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே எங்கள் வீட்டின் பழைய உறுதி, காணிப் பத்திரம், 1898ஆம் ஆண்டு எழுதியது. நீ பார்த்திருந்தால் அன்றைக்குச் சோறு தின்றிருக்க மாட்டாய். துணி மாதிரித் தடித்த தாள், மடிப்பு விழுந்த இடமெல்லாம் தேயிலைச் சாயம் போலப் பழுப்பு, ஒரு மூலையில் வெடித்த சிவப்பு அரக்கு. நடுவில் ஒரு வரைபடம். எங்கள் வளவை மட்டும் சிவப்புக் கோட்டால் அடைத்திருக்கிறார்கள். தெரு இன்னும் போடப்படவில்லை, புள்ளிக்கோடாகத்தான் இருக்கிறது. கிழக்கெல்லை என்ன தெரியுமா? தோட்டக்காணி! இந்த வளவில் செங்கல் சுடக்கூடாது, சாராயம் விற்கக்கூடாது, பன்றி வளர்க்கக்கூடாது என்று நிபந்தனை வேறு.

தோட்டம் என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ் தரிப்பிடமும் மீன்கடையும் இருக்கிற இந்த இடத்தில் என்ன தோட்டம்? நூலகத்துக்குப் போய்த் தேடினேன். உருளைக்கிழங்கு, மச்சான்! 1800க்குக் கிட்டிய காலத்தில் ஈஸ்ட்ஹாமும் அயலூர்களும் லண்டன் சந்தைக்குக் கிழங்கு போட்ட ஊர்கள். அறுவடைக்கு அயர்லாந்திலிருந்து கூலிக்கு ஆட்கள் வருவார்களாம். எங்கள் அப்பு செம்மண்ணில் கிழங்குக்குப் பாத்தி பிடித்தது, நீயும் நானும் விடிய முதல் தண்ணீர் பாய்ச்சியது, எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. அந்தக் கிழங்குக் காணிகளுக்கு மேலே கட்டிய ஒரு வீட்டில் 24 வருஷம் படுத்து எழும்பியிருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் நிற்கவில்லை. நீ பழைய காணிப் பதிவேட்டுக்காக, தோம்பு தோம்பு என்று, அரசாங்கக் கச்சேரிக்கு அலைந்தபோது உன் வீட்டில் ஏசினார்களே, இப்போது என் வீட்டிலும் அதே ஏச்சுத்தான். இங்கிலாந்துக்கும் ஒரு தோம்பு இருக்கிறது, 1086இல் எழுதியது. அதிலும் இந்த ஊர் இருக்கிறது. அதற்கும் முன்னால், 958ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்றில் ‘ஹாம்மே’ என்று வருகிறது. தண்ணீர் சூழ்ந்த நிலம் என்று பொருள். தெற்கே தேம்ஸ் ஆறு, மேற்கே லீ ஆறு, கிழக்கே ரோடிங் ஆறு. பழைய ஊர் தெற்குப் பக்கம், ஆற்றங்கரைச் சதுப்பை ஒட்டி இருந்தது. சதுப்பில் மாடும் ஆடும் மேய்ந்தன.

அந்தப் பழைய ஊரில் மிஞ்சியிருப்பது மக்தலேனா மரியாள் தேவாலயம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஆயிரம் தடவையாவது அதைத் தாண்டியிருப்பேன். போன ஞாயிறுதான் முதன்முதலாக உள்ளே கால் வைத்தேன். பூசை முடிந்து ஒரு கிழவி மெழுகுதிரிகளை அணைத்துக்கொண்டு நின்றாள். பீடத்துப் பக்கச் சுவரில் வளைவுகள் ஒன்றையொன்று குறுக்கறுத்து, பாய் பின்னினாற்போல் ஓடுகின்றன. விரலால் தடவிப் பார்த்தேன், கல்லின் விளிம்பு மழுங்கி மெழுகு மாதிரி இருந்தது. சுற்றியிருக்கிற மயானம் ஒன்பது ஏக்கருக்கு மேல், நம் கணக்கில் 144 பரப்புக்குக் குறையாது. காஞ்சோண்டி மாதிரிச் சுணைக்கிற செடியும் முட்புதரும் மண்டி, நரி ஓடுகிறது.

அங்கே ஒருவரைத் தேடினேன். வில்லியம் ஸ்டூக்ளி. ஸ்டோன்ஹெஞ்ச் என்ற ஆதிகாலக் கல்வட்டத்தின் கற்களை அளந்து, படம் வரைந்து வைத்த முன்னோடி. 1765இல் செத்தபோது இந்த மயானத்தில்தான் புதைத்தார்கள், தன் குழிக்கு மேல் கல் எதுவும் வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். கற்களைப் படிப்பதிலேயே ஆயுளைக் கழித்த மனிதர் குகன்! ஒரு மணி நேரம் அந்தப் புல்லுக்குள் நின்றேன், எந்த இடம் என்று தெரியாமல். முழங்கால் வலிக்கவேயில்லை.

பிளாஷெட் பக்கம் எலிசபெத் ஃபிரை இருந்த வீடு இப்போது இல்லை. 1809இலிருந்து இருபது வருஷம் அங்கே இருந்தா. நியூகேட் சிறையில் பெண்கள் குழந்தைகளோடு கிடந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்காத மனுஷி. பழைய ஐந்து பவுண் தாளில் அவவின் முகம் இருந்தது. கடையில் எத்தனை ஆயிரம் தாள் எண்ணிக் கொடுத்திருப்பேன், எங்கள் ஊர்க்காரி என்று தெரியாமல்.

ஊர் எப்படிப் போனது என்று நீ கேட்பாய். மெல்ல மெல்லப் போகவில்லை, ஒரேயடியாகப் போனது. 1858இல் ரயில் நிலையம் வந்தது. 1870இல் ஆற்றங்கரையில் பெக்டன் எரிவாயுத் தொழிற்சாலை தொடங்கியது, பெரிய லண்டனுக்கே விளக்கெரித்த தொழிற்சாலை அது. அதற்கு முன்பே லண்டனின் மலக்கால்வாயை ஊருக்குக் குறுக்கே கட்டிவிட்டார்கள். இப்போது அதன் மேலே நடைபாதை, நான் நடப்பதும் அதில்தான். ஆனாலும் 1891இல் சனத்தொகை 32,000 சொச்சம்தான். பத்தே வருஷத்தில், 1901இல், 96,000! அந்தப் பத்து வருஷத்தில்தான் எங்கள் வீடும் கட்டியது. வந்தவர்கள் பெரும்பாலும் நகரத்துக் கந்தோர்களில் எழுதுவினைஞர்களும் துறைமுகம், தொழிற்சாலைகளில் வேலைசெய்தவர்களும். 1903இல் செங்கல் கோபுரத்தோடு நகரமண்டபம் எழுந்தது. 1965இல் வெஸ்ட்ஹாமோடு சேர்த்து நியூஹாம் என்று பெயர் வைத்தார்கள். அதுவரைக்கும் எசெக்ஸ் மாவட்டத்து ஊர். பக்கத்து வீட்டுக் கிழவர் கடைசிவரை ‘எசெக்ஸ்’ என்றே விலாசம் எழுதினார். நாங்கள் அவரைப் பார்த்துச் சிரிப்போம். நாங்கள் சிரித்தது பெரிய பிழை.

அந்த எழுதுவினைஞர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பாசில்டன், சவுத்எண்ட் என்று கிழக்கே போனார்கள். அவர்கள் விட்ட வீடுகளுக்குப் பிறகு நாங்கள் வந்தோம். தோசைக்கடை, நகைக்கடை, தேர்த் திருவிழா எல்லாம் வந்தது. இப்போது நானும் கிழக்கே போகிறேன், அதே 1858ஆம் ஆண்டுத் தண்டவாளத்தில். கிரேஸுக்குப் போகிற ரயில் ஈஸ்ட்ஹாமில் நிற்பதில்லை, மச்சான். ஜன்னலால் பார்த்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். 1990இல் ஊரை விட்டு ஓடியபோது அம்மா காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு வந்தா. எத்தனை இடம் மாறினோம், அந்தப் பை கடைசிவரை நனையவில்லை. காணி முள்வேலிக்குள் போய்விட்டது, உறுதி எங்களிடம் இருந்தது. இங்கே காணியையும் உறுதியையும் நானாகவே இன்னொருவன் கையில் கொடுக்கிறேன். வாங்குகிறவர்கள் நல்ல இளம் சோடி, ருமேனியாவிலிருந்து வந்தவர்கள். அந்தப் பெண் பின்வளவைப் பார்த்துவிட்டு, தக்காளி வைக்கலாமா என்று கேட்டாள். கிழங்கும் வை பிள்ளை, நல்ல மண் என்றேன். மேலே பேச வரவில்லை.

சரி. வெள்ளிக்கிழமைக்கு முன் உறுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எட்டுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புகிறேன். மூன்றாம் பக்கத்தில் காணியை முதலில் விற்றவரின் தொழிலை எழுதியிருக்கிறார்கள், அந்தச் சுருட்டை எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. ‘கமக்காரர்’, விவசாயி என்றுதான் நினைக்கிறேன். நீ பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்.

அன்புடன்,
சிவா