லாரி அதேதான், பேர்தான் வேறு: வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லைச் சீமையின் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களுக்கு வணக்கம்.

தாழையூத்து சிமெண்டும் பாவூர்சத்திரம் காய்கறியும் ஏற்றிப் புளியரை வழியாகக் கேரளா போகும் லாரிகளில் பல, தனிமனிதர் பேரில் ஓடுகின்றன. பிள்ளைகள் தலையெடுத்ததும் தொழிலைக் கூட்டு நிறுவனமாகவோ, எல்.எல்.பி. (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) ஆகவோ, பிரைவேட் லிமிடெட்டாகவோ மாற்றுகிறார்கள். ஆடிட்டர் ஆபீசில் அந்த வேலை சுலபமாக முடிந்துவிடும். லாரியின் காகிதங்கள்தான், அதாவது ஆர்.சி.யும் (வண்டியின் பதிவுச் சான்று) பர்மிட்டும் (சரக்கு ஏற்றி ஓட்ட அனுமதி), மாட்டிக்கொள்கின்றன.

முதலில் உரிமையாளர் உண்மையில் மாறினாரா என்று பார்க்க வேண்டும். புது பான் எண் வந்திருந்தால் சட்டப்படி அவர் வேறு ஆள். ஒரு பங்குதாரர் விலகி இன்னொருவர் சேர்ந்து, நிறுவனமும் பான் எண்ணும் அப்படியே தொடர்ந்தால் லாரி கைமாறவில்லை. திருத்திய ஒப்பந்தமும் நிறுவனப் பதிவாளரிடம் செய்த பதிவும் போதும். கம்பெனி தன் பேரை மட்டும் மாற்றினாலும் இதே கதைதான். இவர்களிடமும் உரிமையாளர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கேட்டுத் திருப்பி அனுப்புவது வீண் அலைச்சல்.

எல்.எல்.பி. விஷயத்தில் தவறு எங்கள் பக்கத்திலும் உண்டு. 2008-ஆம் ஆண்டு எல்.எல்.பி. சட்டப்படி கூட்டு நிறுவனத்தின் சொத்து எல்.எல்.பி.க்குத் தானாகவே போய்ச் சேரும் என்று சும்மா இருந்துவிடுகிறோம். பர்மிட் மட்டும் அதை வழங்கிய சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று அதே சட்டம் சொல்வதைப் படிப்பதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 82-ஆம் பிரிவின்படி, வழங்கிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் பர்மிட் கைமாறாது. பர்மிட்காரர் இறந்துபோனால், 30 நாளுக்குள் தகவல் கொடுத்த வாரிசு மூன்று மாதம் அதே பர்மிட்டில் ஓட்டலாம். உயிரோடு இருந்து தொழிலைக் கம்பெனியாக்கினவருக்கு ஒரு நாள் தவணைகூடக் கிடையாது!

ஆர்.சி. புதுப் பேருக்கு மாறி, பர்மிட் பழைய பேரிலேயே நின்றால், அந்த இடைப்பட்ட நாட்களில் வண்டி பர்மிட் இல்லாத வண்டி. 192ஏ பிரிவில் பத்தாயிரம் ரூபாய் அபராதம், சிறையும் உண்டு. பர்மிட்டை முதலில் மாற்றலாம் என்றால், ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது என்ற கேள்வி வருகிறது. ஐந்து வருட பர்மிட்டோடு, வருடத்துக்கு 16,500 ரூபாய் கட்டி வாங்கிய நேஷனல் பர்மிட்டும் பழைய பேரில்தான் நிற்கும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத குட்டி யானைக்காரருக்கு மட்டும் இந்தத் தலைவலி இல்லை, அதற்குப் பர்மிட்டே வேண்டாம்.

எங்கள் கோரிக்கை இதுதான். படிவம் 29, 30, பைனான்ஸ்காரரின் சம்மதம், புது நிறுவனத்தின் பதிவுச் சான்று, 82-ஆம் பிரிவு விண்ணப்பம் எல்லாவற்றையும் ஒரே கட்டாக வாங்கி, ஆர்.சி.யையும் பர்மிட்டையும் ஒரே நாளில் மாற்றிக் கொடுங்கள். அது முடியாதபோது, 87-ஆம் பிரிவில் குறிப்பிட்ட தற்காலிகத் தேவைக்கு என்று நான்கு மாதம் வரை தற்காலிக பர்மிட் கொடுக்கச் சட்டமே இடம் தருகிறது. பேர் மாறும் வரை வண்டி ஓடுவதும் அப்படியொரு தேவைதான். ஆறு லாரி ஷெட்டில் நின்றாலும் மாதத் தவணை நிற்காது.

இந்தக் காகிதக் கட்டில் பெரும்பாலும் விட்டுப்போவது பைனான்ஸ்காரரின் கையெழுத்து. கடன் பழைய பேரில் இருக்கும்போது பேர் மாற்றத்துக்கு அவர் சம்மதிக்க மாட்டார், புதுக் கடன் ஒப்பந்தம் கேட்பார், அதற்கே நாளாகும். அதனால் கம்பெனி பதிவுக்கு முன்பே அவரைப் பார்க்கச் சொல்லி உங்கள் தகவல் பலகையில் ஒரு வரி எழுதிப் போடுங்கள். லாரி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத வேண்டும் என்பதையும் அதிலேயே சேருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு தொடரும், சொந்தச் சேதத்துக்கான காப்பீடு தானாகத் தொடராது. இது பலருக்கு விபத்துக்குப் பிறகுதான் தெரியவருகிறது.

இப்படிக்கு,
நெல்லைப் பக்கத்து லாரி உரிமையாளர்கள் சிலரும், அவர்களுக்குக் காகிதம் எழுதிக் கொடுப்பவர்களும்