நோயாளிக்கே சொல்லாமல் என்ன விவாதம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தீராத நோயாளிகள் மருத்துவ உதவியுடன் தம் உயிரை முடித்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுக்கலாமா என்று உங்கள் ஞாயிறு இதழில் நடக்கும் வாதங்களைப் படித்து வருகிறேன். லண்டனில் நாடாளுமன்றக் கீழ்ச்சபை 2025 யூன் 20 அன்று 314க்கு 291 என்ற வாக்குகளால் இதற்கான சட்டமூலத்தை நிறைவேற்றிப் பிரபுக்கள் சபைக்கு அனுப்பியதிலிருந்து இங்கேயும் பேச்சுச் சூடுபிடித்துவிட்டது. பாதிப் பிள்ளைகள் அங்கே இருக்கும் ஊர், பேசாமல் இருக்குமா?

எழுதுகிறவர்களில் ஒரு பகுதியினர் உயிர் இறைவன் தந்தது என்கிறார்கள். மற்றவர்கள் அவரவர் உயிர் அவரவர் விருப்பம் என்கிறார்கள். இலங்கையின் வடக்கில் பல வைத்தியசாலைகளில் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். இரண்டு பகுதியினரும் தொடாத ஒன்று எனக்கு உறுத்துகிறது. எங்கள் ஊரில் சாகக் கிடப்பவருக்குத் தன் வருத்தம், அதாவது நோய், என்னவென்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

பயொப்சி எனும் சதைத்துண்டுச் சோதனையின் முடிவு வந்ததும் மகனோ மருமகனோ வைத்தியரை ஓரமாகக் கூப்பிட்டு, "டொக்டர், அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தாங்கமாட்டா" என்பார். கிளினிக் நெரிசலில் வைத்தியரும் சரி என்றுவிடுவார். அதன்பிறகு அம்மாவுக்கு இருப்பது 'கட்டி' அல்லது 'அல்சர்'. தெல்லிப்பழைக்குக் கூட்டிப்போகும்போதும் "சும்மா ஒரு செக்கப்". தெய்வேந்திரமுனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே 2011இல் நடந்து காசு சேர்த்துக் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை அது. வடக்கில் அதை அறியாதவர் யார்? அம்மாவுக்கும் விளங்கிவிடும். ஆனால் பிள்ளைகள் உடைந்துபோவார்கள் என்று அவர் விளங்காத மாதிரி இருப்பார். இப்படி இரண்டு பக்கமும் நடித்துக்கொண்டிருக்கவே ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார். காணி உறுதி, யாருடன் கோபம் தீர்க்க வேண்டும், வீட்டிலா ஆஸ்பத்திரியிலா கண்ணை மூட விருப்பம், எதுவும் பேசப்படாமலே போய்விடும்.

பிரித்தானியச் சட்டமூலத்தில் முதல் நிபந்தனையே நோயாளி தானாகக் கேட்க வேண்டும் என்பதுதான். 18 வயதைத் தாண்டியவராகவும், ஆறு மாதத்துக்குள் இறப்பார் என்று எதிர்பார்க்கப்படுபவராகவும் இருக்க வேண்டும். இரண்டு வைத்தியர்கள் தனித்தனியே விசாரிப்பார்கள். பிறகு சட்டத்துறையாளர், மனநல வைத்தியர், சமூக சேவையாளர் அடங்கிய குழுவின் அனுமதி. கடைசியில் மருந்தை அவரே தன் கையால் எடுக்க வேண்டும். இவ்வளவும் தன் நோயின் பெயர் தெரிந்த ஒருவருக்காக எழுதப்பட்டவை. இங்கே அந்தக் கேள்வியை யாரிடம் கேட்போம்? மகனிடம். அவர் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வட்ஸ்அப்பில் பதில் சொல்வார்.

கனடாவில் 2016இலிருந்து இதற்குச் சட்டம் உண்டு. 2023இல் மட்டும் 15,000க்கு மேற்பட்டோர், அந்நாட்டு மரணங்களில் 4.7 வீதம், இவ்வழியில் இறந்தார்கள். மரணம் அண்மித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2021இல் நீக்கியதைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள், அந்த 15,000 பேரில் மிகப் பெரும்பாலானோர் சாவை நெருங்கியிருந்தவர்களே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே சட்டம் வந்தால் எல்லோரையும் கொன்றுவிடுவார்கள் என்ற கூச்சலில் எனக்கு உடன்பாடில்லை.

அதேபோல, வலியைக் குறைத்தால் இந்தக் கேள்வியே எழாது என்பதும் முழு உண்மையில்லை. 1997இலிருந்து இது நடைமுறையிலுள்ள அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில், கேட்கிறவர்கள் சொல்லும் காரணங்களில் வலி முன்னணியில் இல்லை. தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாமை, மானத்தோடு இருக்க முடியாமை, இவைதான் முன்னுக்கு வருகின்றன. குடும்பத்துக்குப் பாரமாகிவிடுவேன் என்ற பயத்தையும் பலர் சொல்கிறார்கள். எனக்குப் பயம் தருவது அதுதான். "உங்களுக்கெல்லாம் பாரமாய்க் கிடக்கிறன், என்னைப் போகவிடுங்கோ" என்று சொல்லாத கிழவியை எந்த வார்ட்டில் கண்டீர்கள்? அது சாவைக் கேட்கும் பேச்சா, பக்கத்தில் கொஞ்சம் இருங்கோ என்று கேட்கும் பேச்சா? உட்கார்ந்து பேசினால்தான் தெரியும். அதற்கு ஆளுமில்லை, நேரமுமில்லை.

சங்ககாலக் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை, அதாவது உண்ணாதிருந்து உயிர்விட்டதை, ஒருவர் உதாரணம் காட்டியிருந்தார். அவர் நோயாளியல்ல, அரசர், முடிவும் அவருடையது. அதைவிட நாங்கள் யோசிக்க வேண்டியது, தமிழகத்தில் விருதுநகர்ப் பக்கம் நடந்த தலைக்கூத்தலை. படுக்கையில் விழுந்த முதியவரின் சாவைக் குடும்பமே தீர்மானித்த வழக்கம் அது.

எங்களிடம் இதன் மறுபக்கமும் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி ஏ-9 வீதியால் வந்துசேரும்வரை தகப்பனின் மூச்சை இயந்திரத்தில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். அவரிடம் யார் கேட்டது? இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018இல், இப்படியான சிகிச்சை எனக்கு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பதை ஏற்றுக்கொண்டது. 2023இல் அதன் நடைமுறையையும் இலகுவாக்கியது. இங்கே சட்டம் பேசுகிறவர்கள் முதலில் இதைப் பேசட்டும். இதில் யாரும் யாரையும் சாக வைப்பதில்லை.

அப்புறம் மோர்பின் என்ற வலி மருந்து. "மோர்பின் தொடங்கிட்டினம், இனி முடிஞ்சுது" என்று குளிசையை ஒளித்துவைத்த குடும்பங்கள் உண்டு. அளவு பார்த்து, நேரம் தவறாமல், மலச்சிக்கலுக்கான மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் மாதக்கணக்கில் எழுந்து நடமாடியவர்களும் உண்டு. ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு யார் வருகிறார்கள்? நெடுந்தீவிலிருந்து ஒருவர் வருவதென்றால் குறிகட்டுவான் வரை படகு, பிறகு பஸ். வலியையும் அவதியையும் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சை தேவைப்படுவோரில் உலக அளவில் ஏறக்குறைய 14 வீதத்தினருக்கே அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கிய இச்சிகிச்சையை 2008இல் மாநில அரசு கொள்கையாகவே ஆக்கியது. இன்று உள்ளூராட்சி சபைகளின் செலவில் தாதிமார் வீடு வீடாகப் போகிறார்கள். எங்களிடமும் கர்ப்பிணித் தாயைத் தேடிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வருகிறார். அந்த ஏற்பாட்டைச் சாகக் கிடப்பவர் வரை நீட்டுவது நடக்காத காரியமில்லை.

இது பற்றிக் கலந்துரையாடல் ஒன்று நடத்தும் யோசனை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். சமயப் பெரியார்களையும் சட்டத்தரணிகளையும் கூப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்கள் வருத்தம் என்னவென்று தெரிந்த நோயாளிகள் இரண்டு பேரையாவது மேடையில் இருத்துங்கள். கிளினிக் நாளில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அன்றைக்கு அவர்களால் வர முடியாது.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
உரும்பிராய்.