‘தீவுகள்’ முதலிடம்தான், ஆனால் இகுவானாவுக்காக அல்ல

மதுரை, மேலூர், நத்தம் வட்டாரப் பள்ளிகளின் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். ‘பிளானட் எர்த் 2’ (2016) என்ற பிபிசி இயற்கை ஆவணப்படத் தொடரின் 6 பகுதிகளையும் போட்டுக்காட்டி மாணவர்களைத் தரவரிசை போடச் சொல்வது நல்ல பயிற்சி. ஆனால் கைதூக்கச் சொல்லி எண்ணினால் முதல் பகுதியான ‘தீவுகள்’தான் ஜெயிக்கும். காரணம், கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் பெர்னாண்டினா தீவில் பாம்புகளிடம் தப்பி ஓடும் இகுவானா (பெரிய பல்லி வகை) குஞ்சு. அதுவும் ஒரே குஞ்சின் ஓட்டம் அல்ல, வெவ்வேறு குஞ்சுகளை எடுத்து இணைத்த காட்சி என்று தயாரிப்புக் குழுவே பிறகு சொல்லிவிட்டது. சில நிமிடப் பரபரப்புக்கு விழும் வாக்கை முழுப் பகுதிக்கும் வரவு வைக்கக் கூடாது.

பகுதிக்கு அல்ல, காட்சிக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். கேள்விகள் மூன்று: புதிதாக என்ன தெரிந்தது? ஏன் அப்படி நடக்கிறது என்று படமே காட்டியதா? நம் பக்கத்தில் போய்ப் பார்க்கவோ ஒப்பிடவோ முடியுமா? ஒவ்வொன்றுக்கும் 5, மூன்றாவதை இரட்டிப்பாக்குங்கள். பிறகு ஒவ்வொரு பகுதியின் காட்சிகளுக்கும் சராசரி எடுங்கள். எல்லா வகுப்புக்கும் ஒரே வரிசையில் திரையிட்டால் கடைசியாகப் பார்த்ததே மனதில் நிற்கும். 8ஆம் வகுப்புக்கு முதல் பகுதியில் தொடங்கினால் 9ஆம் வகுப்புக்கு நான்காவதில் தொடங்குங்கள். ஒரு காட்சியையாவது சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி போடுங்கள். பாதி மதிப்பெண் இசைக்குப் போனது என்று அப்போது தெரியும்.

இப்படிப் போட்டாலும் ‘தீவுகள்’ முதலிடம் பெறும் என்றே நினைக்கிறோம், இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவுக் காட்சியால். அங்கே மஞ்சள் பைத்திய எறும்புகள் கண்ணிலும் மூட்டிலும் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சிச் செந்நண்டுகளைக் கொல்கின்றன. அதே எறும்புதான் 2022இல் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரத்தில் ஆடுமாடுகளின் கண்ணைக் கெடுத்ததாகச் செய்தியானது. படம் சொல்லாத மிச்சத்தை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்: இந்த எறும்புக்குத் தீனி, செடியை உறிஞ்சும் செதில் பூச்சிகள் விடும் தேன்கழிவு. அதை நிறுத்த 2016 டிசம்பரில் மலேசியாவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து கிறிஸ்துமஸ் தீவில் விட்டார்கள். எறும்பைத் தொடாமல் செதில் பூச்சியைத் தாக்கும் குளவி அது.

‘நகரங்கள்’ இரண்டாவது. நியூயார்க் கட்டடங்களுக்கிடையே பாயும் பொரி வல்லூறின் இந்தியக் கிளையினம் ஷாகீன். 2022 நவம்பரில் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிப் பாறைகளில் அது உண்டு, தொலைநோக்கி போதும். ஜெய்ப்பூர் கடைத்தெருவில் திருடும் குரங்கைப் பார்த்துப் பிள்ளைகள் “நம்ம அழகர்கோவில் குரங்கு” என்பார்கள். அது செம்முகக் குரங்கு, வால் குட்டை. அழகர்மலையில் இருப்பது நாட்டுக்குரங்கு, வால் நீளம், உச்சந்தலையில் முடி வகிடெடுத்தாற்போல் விரியும்.

‘காடுகள்’, ‘புல்வெளிகள்’ அடுத்து வரட்டும். ‘மலைகள்’ பகுதியின் பனிச்சிறுத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் மூன்றாவது கேள்வியில் தோற்கும். ‘பாலைவனங்கள்’ கடைசி.

ஒவ்வொரு பகுதியும் 50 நிமிடம் ஓடும், ஒரு பாடவேளைக்குள் அடங்காது. இரண்டு பாடவேளை கேட்டு வாங்குங்கள். இடைவேளை விட்டே ஆகவேண்டுமென்றால் ஒரு காட்சி முடிந்த இடத்தில் விடுங்கள். முடிவில் வரும் 10 நிமிடப் படப்பிடிப்புக் குறிப்பை வெட்டாதீர்கள். அதற்கு மதிப்பெண் தனித்தாளில்.

இப்படிக்கு,
மதுரை வட்டார இயற்கை ஆர்வலர்கள் சிலர்