உன் ஸ்ட்ரைக்கருக்குப் பதிலாக

டிக்கோயா,
ஜூன் மாதம்.

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே சிவனொளிபாதமலை சீசன் முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. காசல்ரீ நீர்த்தேக்கம் நிரம்பிக்கொண்டு வருகிறது. சின்னவன் கண்டியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், சனிக்கிழமை வந்து ஞாயிறு போகிறான். மற்றபடி எல்லோரும் சுகம்.

நம் கரம் ஸ்ட்ரைக்கர் எப்படி இருக்கிறது என்று கேட்டாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். கோத்தகிரிக்குப் போகும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனாயே, அந்த ஸ்ட்ரைக்கர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் இனி ஆட்டத்துக்கு ஆகாது. விளிம்பில் மெல்லிய கீறல் ஒன்று ரொம்ப நாளாகவே இருந்தது. இந்த மாசியில் அந்த இடத்தில் சின்னச் சில்லு ஒன்று உதிர்ந்துவிட்டது. உடைந்த பக்கம் காயில் பட்டால் காய் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே முடியாது. அதனால் நாங்கள் ஆடுகிற வாசிகசாலைக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டு, புதிதாக ஒன்று தேடத் தொடங்கினேன்.

முதலில் பழையதை ஹட்டன் டவுனில் நகைக்கடைத் தம்பியிடம் கொடுத்துத் தராசில் வைத்துப் பார்த்தேன். 13.8 கிராம். ஏறக்குறைய ஒன்றே முக்கால் பவுன். நாம் இவ்வளவு காலமும் அது சரியாக 15 கிராம் என்றுதானே பேசிக்கொண்டிருந்தோம்! சர்வதேச கரம் சம்மேளனத்தின் சட்டத்தில் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது, குறுக்களவு 4.13 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்றுதான் இருக்கிறது. அதற்குக் கீழே நம் விருப்பம்.

கடைக்காரர்கள் எல்லோரும் 15 கிராம் முழுசாக இருப்பதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். கொழும்பு புறக்கோட்டையில் வாங்கிய ஒன்று கண்ணாடி மாதிரி, உள்ளே பூ டிசைன் போட்டது. முதல் அடிக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. நடுவில் அடுக்கிய காய்கள் நாலா பக்கமும் சிதறிவிடும். ஆனால் குழிக்குப் பக்கத்தில் இருக்கும் காயை நேராகத் தட்டினால் இதுவும் பின்னாலேயே போய் விழுகிறது. அப்புறம் என்ன, விழுந்த காயும் வெளியே, ஸ்ட்ரைக்கர் விழுந்ததற்குத் தண்டனைக் காயும் வெளியே. சின்னவன் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினான். 5.5 கிராம் காயை 15 கிராம் ஸ்ட்ரைக்கர் நேராக மோதினால், தன் வேகத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வைத்துக்கொண்டு முன்னால் ஓடுமாம். 12 கிராம் என்றால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடத்தான் மிஞ்சும். நம்முடைய பழையது குழி வாயில் நின்றதற்கு இந்த எடைக் குறைவும் ஒரு காரணம் என்று அப்போதுதான் விளங்கியது. நீ அதை உன் கை வாகு என்று சொல்வாய். இரண்டும் சேர்ந்ததுதான் என்பது என் எண்ணம்.

போர்டோடு சேர்த்து விற்கிற மெல்லிய ஸ்ட்ரைக்கர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கூட்டமாக நிற்கும் காய்களில் பட்டால் துள்ளித் திரும்பி வருகின்றன.

எடையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அடிப்பக்கம். பழையதைக் கவிழ்த்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஓரம் சரிவாக இழைத்திருப்பதால், பலகையில் படுகிற வட்டம் ஸ்ட்ரைக்கரின் முழு அகலம் இல்லை. புதியவற்றில் பல ஓரம்வரைக்கும் ஒரே தட்டை. நம் ஊர் ஈரத்தில் அந்தத் தட்டை பலகையோடு ஒட்டிக்கொள்கிறது. பவுடரை அள்ளிப் போட்டால் தீர்ந்துவிடும் என்று பொடியன்கள் போடுகிறார்கள். ஈரக்காற்றில் போரிக் பவுடர் அங்கங்கே திரண்டு நிற்கிறது, ஸ்ட்ரைக்கர் அதில் இடறுகிறது. துணியில் கொஞ்சமாக எடுத்து, போர்டு முழுக்கத் தேய்த்து, மிச்சத்தைத் தட்டிவிட்டால்தான் ஓட்டம் வருகிறது.

இன்னொன்று கேள். நம் காலத்தில் போர்டுக்கு மேலே தாழ்வாக, தகரத் தொப்பி போட்டு ஒரு குண்டு பல்ப் தொங்கும், ஞாபகம் இருக்கிறதா? வெளிச்சத்துக்காக என்றுதான் நாம் நினைத்தோம். மழைக்காலத்தில் பலகையைக் காய வைத்ததும் அதுதான் மச்சான். இப்போது வாசிகசாலையில் எல்.இ.டி. பல்ப். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, சூடு என்பது பெயருக்கும் இல்லை. நான் ஒரு பழைய 100 வாட் பல்பைத் தேடி எடுத்துத் தொங்கவிட்டேன். அரை மணி நேரம் எரியவிட்டு, பிறகு எல்லா ஸ்ட்ரைக்கர்களையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். சட்டத்தில் ஒரு சோதனை இருக்கிறது. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை ஒரு பக்கத்திலிருந்து முழு வேகத்தில் அடித்தால், போர்டுக்குள் குறைந்தது மூன்றரைத் தடவை அங்கும் இங்கும் ஓட வேண்டும். பல்ப் போடுவதற்கு முன் அந்தப் பூப் போட்டது இரண்டாவது முட்டலிலேயே சோர்ந்துவிட்டது. பலகை காய்ந்த பிறகு மூன்றரையைத் தொட்டது. உடைந்த விளிம்போடு நம்முடையது ஈரப் பலகையிலும் அந்த அளவுக்கு ஓடியதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், ஏ.சி. போட்ட கடையில், காய்ந்த பளபள பலகையில் தள்ளிப் பார்த்து வாங்குவது நமக்குச் சரிவராது. பனியும் தூறலும் வருகிற ஊரில், ஆடப்போகிற பலகையிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே நல்ல ஓட்டம் என்பது இங்கே வேறு.

இப்போது கையில் வைத்திருப்பது நுவரெலியாவிலிருந்து ஆட வந்த தம்பி ஒருவர் விட்டுப்போனது. வெள்ளை நிறம், உள்ளே படம் எதுவும் இல்லை, 14.2 கிராம். இரண்டு பக்கமும் ஓரம் சரிவாக இழைத்திருக்கிறது. ஜன்னல் கண்ணாடித் துண்டில் வைத்து ஓரத்தை விரலால் அழுத்தினேன், ஆடவில்லை. மேசையில் விளிம்பில் நிறுத்தி உருட்டினேன், நேராகப் போனது. கட் அடியில் காயின் ஓரத்தைத் தொட்டுவிட்டு அமைதியாக விலகுகிறது. குறை ஒன்றுதான். விளிம்பு புதுசு, ஆள்காட்டி விரலில் உறுத்துகிறது. கீறல் விழுந்தால் பற்பசை வைத்துத் துணியால் தேய்த்தால் போய்விடும், விளிம்பு மட்டும் ஆடி ஆடித்தான் பழக வேண்டும். அவர் ஆடி மாதத்துக்குள் திருப்பிக் கேட்பார்.

உங்கள் பக்கம் கரம் இப்போது நன்றாக எழும்பியிருக்கிறது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் சென்னைப் பிள்ளை காசிமா மூன்று தங்கம் வாங்கியதை இங்கே பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டினேன். அதற்குப் பிறகு நாலைந்து பேர் பின்னேரம் வந்து ஆடுகிறார்கள். 2012இல் நிஷாந்த பெர்னாண்டோ கொழும்பில் உலகச் சாம்பியனானபோது பொடியன்களிடம் இருந்த அந்த வேகத்தை இப்போது இவர்களிடம் பார்க்கிறேன். அதனால் எனக்கு ஒன்று, அவர்களுக்கும் ஒன்று வேண்டும்.

நீ சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போனால் இரண்டு பார்த்து வாங்கு. 14 கிராமுக்கு ஒட்டி, கூடினாலும் 14.5க்குள். நிறம் வெள்ளை அல்லது மங்கலான மஞ்சள். உள்ளே எந்த மினுக்கமும் வேண்டாம். அடிப்பக்கம் முழுத் தட்டையாக இருந்தால் எடுக்காதே. கண்ணாடியில் வைத்து அழுத்திப் பார்க்க மறக்காதே. முடிந்தால் ஒரு மழை நாளில் உன் வீட்டுப் போர்டிலேயே ஓடவிட்டுப் பார், கோத்தகிரிப் பனியும் நம் பனியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தபாலில் போடாதே. திருச்சியிலிருந்து விமானத்தில் வருகிற ஆள் யாராவது கிடைத்தால் கொடுத்துவிடு, கட்டுநாயக்கவிலிருந்து வாங்கிக்கொள்ள நான் ஏற்பாடு செய்கிறேன். விலையை மட்டும் மறைக்காமல் எழுது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய ஜோடி