மிளகு விலை எங்கே முடிவாகிறது என்று தெரிந்துகொண்டு ஓட்டுக் கேட்க வாருங்கள்

சேலம், கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதிகளில் வேட்பாளராக நிற்கப்போகிறவர்களுக்கும், இப்போதே சீட்டுக்காக முயன்றுகொண்டிருக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

ஏற்காடு மலையில் எனக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, வேலியோரம் கொஞ்சம் ஆரஞ்சு. சேலம் மாவட்டத்துக்காரன்தான் என்றாலும் என் ஓட்டு கள்ளக்குறிச்சித் தொகுதியில். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியை அங்கேதான் சேர்த்திருக்கிறார்கள். சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனருக்கு ஓட்டு சேலத்தில். அதனால்தான் இரண்டு தொகுதிக்காரர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். எந்தக் கட்சிக்கும் சார்பாக எழுதவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மக்களவைத் தேர்தல் பிரசாரத்தில் ஒரு வேட்பாளர் மலைக்கு வந்தார். மிளகு விலை விழுந்து நாங்கள் தவித்துக்கொண்டிருந்த நேரம். அறுநூறு, எழுநூறு ரூபாய்க்குப் போன கிலோ மிளகு முந்நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. வேனை நிறுத்தி அவரிடம் கேட்டேன்: "ஐயா, வெளிநாட்டு மிளகு இலங்கை வழியாக வந்து இறங்குகிறது என்கிறார்கள். நீங்கள் டெல்லிக்குப் போனால் என்ன செய்வீர்கள்?" அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "வெளிநாட்டு விவகாரமெல்லாம் டெல்லியில் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்களுக்கு ரோடு, தண்ணீர் என்ன வேண்டும் என்று கேளுங்கள்." அதே மனிதர் அடுத்த நிறுத்தத்தில் பக்கத்து நாட்டுக்கு எப்படிப் பாடம் புகட்ட வேண்டும் என்று கால் மணி நேரம் பேசினார். நானும் நின்று கேட்டேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவரிடம் அதற்கு முன் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நாங்களும் சாலையும் தண்ணீரும்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் ரோடு போடச் சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறார், பஞ்சாயத்துத் தலைவர் இருக்கிறார். வெளிநாட்டு உறவு அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ஒன்றிய அரசுப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பற்றி அமைச்சரை நேருக்கு நேர் கேட்கச் சொல்லி நாங்கள் அனுப்புவது உங்களைத்தான்.

மிளகுக் கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எல்லாமே இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பரில் ஒரு சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் போட்டன. 2000-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு வரியில்லாமல் உள்ளே வரலாம். அதற்கு மேல் வருவதற்கும் தெற்காசிய நாடுகளுக்கு இடையிலான சுதந்திர வர்த்தக ஒப்பந்தப்படி வரி வெறும் 8 சதவீதம். உலகத்திலேயே அதிகம் மிளகு விளைவிப்பது வியட்நாம். அங்கிருந்து நேராக வந்தால் வரி ஐம்பது சதவீதத்துக்கு மேல் இருந்தது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். வியட்நாம் மிளகை கொழும்பில் இறக்கி, இலங்கையில் விளைந்தது என்று ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் வரியில் எவ்வளவு மிச்சம்! கர்நாடகம், கேரளம், நம் மலை என்று எல்லா விவசாயிகளும் கத்தியது இதைத்தான். 2017 டிசம்பரில் ஒன்றிய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. அதற்குக் கீழே வருவதை 2018-ல் தடையே செய்தது. அதன் பிறகும் விலை உடனே எழவில்லை. பில்லில் மட்டும் ஐந்நூறு என்று ஏற்றிக் காட்டுகிறார்கள் என்ற புகார் எழுந்தது.

இதில் ஒரு நாட்டின் மேல் கோபப்பட்டு ஆவது ஒன்றுமில்லை. வியட்நாம் விவசாயியும் ஏணியில் ஏறித்தான் மிளகு பறிக்கிறான். கேட்க வேண்டியது வேறு: விளைந்த இடத்துக்கான சான்றிதழைக் கொடுப்பது யார், அதை நம் சுங்கத்துறை எப்படிச் சரிபார்க்கிறது, சந்தேகம் வந்தால் ஒப்பந்தத்தில் என்ன வழி இருக்கிறது? இதைத் தெரிந்துகொண்டு சபையில் எழுந்து நிற்கிற ஓர் உறுப்பினர் எங்களுக்கு வேண்டும். சேலம் லீ பஜார் மொத்தச் சந்தையில் வியாபாரி சொல்கிற விலை அவர் இஷ்டத்துக்குச் சொல்வதல்ல. அது கொழும்பிலும் ஹனோயிலும் டெல்லியிலும் கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி என் களத்துக்கு வந்து சேர்கிறது.

மைத்துனர் கதையும் அப்படித்தான். வெள்ளியை வியாபாரி கொடுப்பார். உருக்கி, கம்பி இழுத்து, வளையம் கோத்து, பற்றவைத்து, மெருகேற்றிக் கொடுத்தால் எடைக்குக் கூலி. செவ்வாய்பேட்டையைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் திண்ணையே பட்டறை. தாய்லாந்து உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு நாம் செய்த வர்த்தக ஒப்பந்தம் 2010 முதல் நடப்பில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தித் தாய்லாந்திலிருந்து வெள்ளி நகை மலிவாக வந்து குவிந்ததால் 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு அந்த இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டது. 2026 மார்ச் 31 வரை என்று அதற்குக் கெடுவும் வைத்தது. கொலுசுக்குப் பேர்போன ஊர் சேலம். அந்தக் கட்டுப்பாடு வருவதற்கு முன் இந்த ஊருக்காக மேடையில் ஒரு வார்த்தை பேசியவரை நானும் மைத்துனரும் பார்க்கவில்லை. இரும்பாலைக்காரர்களைக் கேட்டால் அவர்களும் சொல்வார்கள்: சீன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள் மேல் 2017-ல் வரி போட்டது, 2021-ல் நிறுத்திவைத்தது, 2022-ல் எடுத்தே விட்டது. ஜவ்வரிசித் தொழில் இங்கே வேர்பிடித்ததற்கே காரணம், இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர், மலேயா சரக்கு நின்றுபோனதுதான். அப்போது இங்கே விளைந்த குச்சிக்கிழங்கிலிருந்து நாமே செய்ய ஆரம்பித்தோம். எங்கோ நடந்த போர் சேலத்துக்கு ஒரு தொழிலைக் கொடுத்திருக்கிறது.

அப்புறம் காப்பி. இதை வேட்பாளர்கள் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் இதில் பட்டா வருகிறது. நம் நாட்டுக் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குத்தான் போகிறது. அதிகம் வாங்குவது இத்தாலி. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த காப்பியை அங்கே விற்க முடியாது. விளைந்த நிலம் எங்கே என்று வரைபடப் புள்ளியோடு காட்ட வேண்டும். அந்த நாட்டுச் சட்டப்படி விளைந்தது என்பதையும் காட்ட வேண்டும். நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையும் அதில் அடக்கம். நடைமுறைப்படுத்தும் தேதி இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது, சட்டம் போய்விடவில்லை.

காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நிழல் மரம் இல்லாமல் இங்கே காப்பி இல்லை. ஆனால் சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்களில் கையில் சரியான பட்டா இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் காப்பிக்கு நாளை எந்த வியாபாரியாவது "காகிதம் எங்கே?" என்று கேட்டால் என்ன காட்டுவார்கள்? பெரிய எஸ்டேட் ஆள் வைத்துச் சமாளித்துவிடும். அரை ஏக்கர்க்காரர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார். ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸில் எழுதிய ஒரு வாக்கியம், ஏற்காடு தாலுகா அலுவலகத்தில் தூங்குகிற ஒரு மனுவைத் தொடுகிறது. பட்டா மாநில விஷயம், ஐரோப்பாவோடு பேசுவது ஒன்றிய விஷயம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் நடுவில் விழுவது அந்த மக்கள்தான்.

கச்சத்தீவும் ஈழமும் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் பேசுங்கள். ஆனால் கச்சத்தீவைப் பேசுமுன் 1974 ஒப்பந்தத்தையும் 1976 ஒப்பந்தத்தையும், அதோடு நடந்த கடிதப் பரிமாற்றத்தையும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். எல்லாம் சில பக்கங்கள்தான். ஈழத்தைப் பேசுமுன் நம் மாவட்டத்திலேயே இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கிறது, இலங்கை இல்லை. இங்கே பிறந்து, இங்கே பள்ளிக்கூடம் போய், பரீட்சை எழுதிய பிள்ளை அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அந்தப் பதில்தான் உங்கள் வெளியுறவுக் கொள்கை.

"ஒற்றை எம்.பி.யால் என்ன முடியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இந்தியாவில் ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயமில்லை. அரசு கையெழுத்துப் போடும். அதை நிறைவேற்றச் சட்டம் தேவைப்பட்டால்தான் அரசியல் சட்டத்தின் 253-ஆவது பிரிவின்படி சபைக்கு வரும். அப்படியிருந்தும் 2008-ல் அமெரிக்காவோடு செய்த அணுசக்தி உடன்பாட்டை முன்னிட்டு ஓர் அரசே நம்பிக்கை வாக்குக் கேட்டு நிற்க வேண்டி வந்தது. ஜூலை 22 அன்று 275-க்கு 256. ஒவ்வொரு உறுப்பினரின் கையும் அன்று எண்ணப்பட்டது. தினப்படி வேலைக்கும் வழி இருக்கிறது. கேள்வி நேரத்தில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி, அதாவது அமைச்சர் சபையில் வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, இருபது. அதில் உங்கள் கேள்வி வந்தால் அமைச்சரின் பதிலுக்குத் துணைக்கேள்வி கேட்கலாம். விஷயம் தெரியாதவர் அங்கே எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். தெரிந்தவர்தான் மடக்குவார். துறைவாரியாக அரசின் வேலையை ஆராய நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கொண்ட நிலைக்குழுக்கள் இருக்கின்றன. வெளியுறவு நிலைக்குழு, வர்த்தக நிலைக்குழு ஒவ்வொன்றிலும் 31 பேர். மேடையும் கேமராவும் இல்லாத அந்த அறையில் அதிகாரிகளை உட்காரவைத்து மணிக்கணக்கில் கேட்கலாம். ஜெயித்தால் அந்தக் குழுவைக் கேட்டு வாங்குங்கள்.

சேலத்துக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. 1917 முதல் 1919 வரை இந்த ஊர் நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. அதே மனிதர் 1962-ல், எண்பது வயதைத் தாண்டி, எந்தப் பதவியும் இல்லாத நேரத்தில் வாஷிங்டன் போய், அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று அதிபர் கென்னடியிடம் வாதாடினார். அன்றைய சேலம் மாவட்டத்தின் குமாரமங்கலத்துச் சுப்பராயன் 1949-ல் இந்தோனேசியாவுக்கு இந்தியத் தூதராகப் போனவர். அவர்களுடைய அரசியலில் எனக்கு உடன்பாடில்லாதது நிறைய உண்டு. ஆனால் உள்ளூர்க் குழாய்த் தண்ணீரையும் உலக விவகாரத்தையும் ஒரே ஆளால் யோசிக்க முடியும் என்பதை இந்த மண் ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

எல்லாம் தெரிந்தவராக வரச் சொல்லவில்லை. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், படித்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள். அதற்கே என் வீட்டு ஓட்டு நான்கும் விழலாம். நான் கேட்பது ஒன்றுதான். முதல் கூட்டத்தொடரில் நீங்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி என்ன என்பதை எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். மிளகைப் பற்றியோ கொலுசைப் பற்றியோ முகாம் பிள்ளையைப் பற்றியோ இருக்கட்டும். ஆனால் எந்த அமைச்சரை, எந்த ஒப்பந்தத்தின் கீழ், என்ன கேட்கப்போகிறீர்கள் என்று அதில் இருக்க வேண்டும்.

மாசி மாதம் வந்தால் நல்லது. மிளகு களத்தில் காய்ந்துகொண்டிருக்கும், நானும் அங்கேயேதான் இருப்பேன். பட்டாவுக்கு மனுக் கொடுத்துக் காத்திருக்கும் பெரியவர்கள் சிலரை வரச் சொல்லிவைக்கிறேன். மைத்துனரும் அன்றைக்குப் பட்டறைக்கு லீவு விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஏற்காடு மலையிலிருந்து ஒரு சிறு விவசாயி